நான் பிடித்துத் தூக்கிய கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஹெப்பகோடியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தேன். என் பிரிவில் ஐம்பது வயதைத் தொட்ட ஓர் அக்கா வேலை பார்த்தார். சட்டை மடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சில மாதங்களாக, மேல் தட்டில் பெட்டி வைக்கச் சொன்னால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுவார். கேட்டால், "இடது கை மேல போக மாட்டேங்குது மேடம்" என்பார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதே கையால்தானே நாள் முழுக்க மடிக்கிறார்? வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்றே நினைத்தேன். கூட வேலை செய்த இரண்டு பெண்களும் வந்து முணுமுணுக்க, எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

சரக்கு லாரி ஏற வேண்டிய ஒரு நாள். பெட்டிகள் தரையில் குவிந்து கிடந்தன. அக்கா வழக்கம்போல் யாரையோ கூப்பிட்டார். "எங்க, தூக்குங்க பார்க்கலாம்!" என்று கத்தியபடி அவர் இடது மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்கினேன்.

அவர் போட்ட அலறலில் பக்கத்துப் பிரிவில் தையல் மிஷின்கள் நின்றுவிட்டன. கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. பாதியிலேயே எதிலோ முட்டிக்கொண்டதுபோல் நின்றது என் விரல்களுக்கே தெரிந்தது. அடுத்த நொடி அவர் என் காலடியில் மயங்கி விழுந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வழியில் அவர் என்னைத் திட்டவில்லை. "நாலு மாசமா அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல மேடம். சடை பின்னிக்க முடியாமதான் முடியக்கூட வெட்டிக்கினேன்" என்றார். அந்த முடியைப் பார்த்து, "என்னக்கா, புது ஸ்டைலா?" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தவள் நான்.

டாக்டரம்மா தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாராவது கையப் பிடிச்சு இழுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், நானேதான் மேல இருந்த பெட்டிய எடுக்கப் போனேன்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான்தான் டாக்டர் இழுத்தேன். நடிக்கிறாங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்ல வேளை, இப்படி இழுத்தா எலும்பே உடையலாம்" என்றார் டாக்டர். "இதுக்கு ஃப்ரோஸன் ஷோல்டர்னு பேரு. தோள் மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது தடிச்சுச் சுருங்கிடுச்சுன்னா அவங்க நினைச்சாலும் கை மேல வராது, நீங்க தூக்கினாலும் வராது. கீழ வச்சு செய்யுற வேலைய ஓரளவு செய்வாங்க. அதனாலதான் பார்க்கிறவங்களுக்குப் புரியறதில்ல."

சுகர் இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும் என்று சொல்லி ரத்தம் எடுக்கச் சொன்னார். அடுத்த அதிர்ச்சி அதில் இருந்தது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. தனக்கு அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்கு அதுவரை தெரியாது.

சர்க்கரைக்கும் வலிக்கும் மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. குணமாக ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம், அவசரப்பட்டு இழுக்கவே கூடாது என்றார்கள். நான் மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லி எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். அக்காவுக்கு மேசை வேலை மட்டும் கொடுத்தோம்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றுவார். எட்டிய இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போடுவேன். சில வாரம் கோடு நகரவே நகராது. பத்து மாதம் கழித்து ஒரு நாள் அது அவர் தலைக்கு மேலே ஏறியது. கை முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அன்றைக்குத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் வந்தது. "விடுங்க மேடம், உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு மடிக்கப் போய்விட்டார். தெரியவில்லை என்பது உண்மைதான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே வலிக்குதுக்கா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.