காளான் பொடியும் கண்ணாடிக் கூடும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு மனிதர்கள்மேல் இருக்கும் நம்பிக்கை சீக்கிரம் போய்விடும். வெறும் வயிற்றோடுதான் வந்தீர்களா என்று கேட்டால் சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டுவார்கள். வாயில் இட்லி சாம்பார் மணக்கும். சிதம்பரத்தில் பதினாறு வருடம் ஊசி குத்தியதில் நான் கற்றது ஒன்றுதான்: ஆள் பொய் சொல்வார், எண் சொல்லாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற புத்தி எனக்குக் கிடையாது. வீட்டுக்காரர் என்னைப் போலீஸ் என்றுதான் கூப்பிடுவார்.

அதனால், கடலூரிலிருந்து என் அண்ணன் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மாமனாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். கடலூரில் அண்ணனோடு இருக்கும் என் அம்மாவுக்கும் அதேதான்.

"மாமா, இது மரக்கட்டையில மொளைக்கிற காளான். சீனாக்காரன் காலங்காலமா சாப்புடுறான். கூட நம்ம சிறுகுறிஞ்சான், நாவக்கொட்டை சேத்து அரைச்சிருக்கு. காலையில ஒரு ஸ்பூன் வென்னீர்ல குடிங்க. ஆனா மாத்திரைய நிறுத்திடணும், ரெண்டும் சேந்தா பலிக்காதாம்."

பொடி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. மாமா மறுபேச்சுப் பேசாமல் டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாளையிலருந்தே மாத்திரைய நிறுத்திடுறேன் தம்பி" என்றார். அண்ணன் கிளம்பியதும் நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். "உங்க அண்ணன் ஆசையா கொண்டாந்திருக்காரு, பாப்போம்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இருபது நாள் கழித்து நானே அவருக்கு ரத்தம் எடுத்தேன். எகிறியிருக்கும், அண்ணனுக்குப் போன் போட்டு நாலு வாங்கு வாங்கலாம் என்று காத்திருந்தேன். நூற்றுப் பதினெட்டு. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் இருந்த அதே அளவு. மறுபடி எடுத்தேன். அதேதான்.

எண் பொய் சொல்லாதே! அப்படியானால் பொடியில்தான் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று தோன்றியது. சர்க்கரை மாத்திரையைப் பொடித்து மூலிகையில் கலந்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பந்திக்குக்கூடப் போகாமல், அண்ணனுக்குப் பொடி விற்ற அந்த ஊர்க்காரரைத் தேடிப் போனேன். தகரக் கொட்டகை. தரையில் சிறுகுறிஞ்சான் இலை காய்ந்துகொண்டிருந்தது. அரைவை மெஷினை எட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலி மாத்திரை அட்டை கிடக்கிறதா என்று குப்பைக்கூடையைக்கூடக் கிளறினேன். ஒன்றும் இல்லை.

"நம்பிக்கை இருந்தா வாங்குங்க, இல்லன்னா உடுங்க" என்றார் அவர், கோபமே இல்லாமல். கோபப்படாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

கடைசியில் என்னையே சோதனை எலி ஆக்கிக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் பொடியைக் குடித்துவிட்டு, மணிக்கொரு தரம் விரலைக் குத்திப் பார்த்தேன். மாத்திரை கலந்திருந்தால் எனக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றியிருக்க வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை. பொடிக்காரர் யோக்கியர்தான். அப்படியென்றால் காளான்தான் வேலை செய்கிறது! நம்புவதற்குக் காரணங்கள் வரிசையாக வந்தன. மலேரியா மருந்து ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது. மாமா விழுங்கிக்கொண்டிருந்த சர்க்கரை மாத்திரைக்கே பூர்வீகம் ஐரோப்பாவில் ஒரு செடி. ஏன், காளானுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

அண்ணன் அம்மாவுக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்திருந்தான். அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டேன். "பொடியில கலப்படம் இல்லம்மா. நானே பாத்துட்டேன். மாமாவுக்கு நல்லாக் கேக்குது."

இரண்டு மாதம் ஓடியது. தேவனாம்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போன அம்மாவின் கால் கட்டைவிரலில் கிளிஞ்சல் கிழித்திருக்கிறது. அவளுக்கு வலிக்கவே இல்லை. நான் கடலூருக்குப் போனபோது விரல் கறுத்திருந்தது. சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேதி கேட்டு மாமா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் அவரிடம் அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்: "உங்களுக்கு மட்டும் எப்படி மாமா கேட்டுச்சி?"

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடிக்கு அடியில் மாத்திரை அட்டை. நாலு மாத்திரை காலியாகியிருந்தது.

"நான் நிறுத்தவே இல்லம்மா. பொடியும் குடிச்சேன், மாத்திரையும் போட்டுக்கிட்டேன். சம்பந்தி வூட்டுல ஆசையா கொண்டாந்து குடுத்தத வேணாம்னு எப்படிச் சொல்றது? அவரு மொகம் வாடிடுமில்ல. ஒங்க அம்மாவும் குடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதேம்மா."

எங்கள் கூடத்தில் முன்பின் தெரியாத ஆளிடம்கூட நான் முதலில் கேட்பது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். மாமா மாத்திரையை நிறுத்துவதாகச் சொன்னதைக் கேட்டேன், உண்மையில் நிறுத்தினாரா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அண்ணனைச் சந்தேகப்பட்டேன், பொடிக்காரரைச் சந்தேகப்பட்டேன், அவருடைய குப்பையைக் கிளறினேன். என் கையால் தினமும் சோறு வாங்கிச் சாப்பிடுகிற நல்ல மனிதரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்தக் கூட்டைப் பிடுங்கி வீசியெறியலாம் போல இருந்தது. பிடுங்கவில்லை, அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

விரலை எடுத்த மறுநாள் அம்மா கண் விழித்து நன்றாகப் பேசினாள். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தான். வாய்க்கு வந்ததை எல்லாம் அவனைச் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன ஒண்ணும் சொல்லாதடி, பாவம். அவன் எவ்ளோ சொல்லியும் நான் மாத்திரைய நிறுத்தலியே. நீ பாத்துச் சொன்ன அப்பறம்தான நிறுத்துனேன்."

அண்ணனை என் வாயிலிருந்து காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.