ஏழு தட்டுக்காரர்

என் அக்கா புருஷன் பேர் வித்தோயே. பேருந்துகளின் ரேடியேட்டரைப் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவர். கையில் செம்புத் தகடு கிடைத்தால் பசி தூக்கம் மறந்துவிடும். எங்கள் வல்யெவோ ஊர்ப் பக்கத்தில் பிளம் பழத்தில் ராக்கியாச் சாராயம் காய்ச்சாத வீடே கிடையாது. ஊரே கொப்பரையில் காய்ச்ச, இவர் மட்டும் கொப்பரை மேல் ஆள் உயரத்துக்குச் செம்புக் குழாயை நிறுத்தினார். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு ஓட்டைத் தட்டுகள்.

"ஒவ்வொரு தட்டிலயும் ஆவி ஒரு தடவ குளிச்சிட்டு மேல போகும் மாப்ள" என்றார் என்னிடம். எனக்குப் புரியவில்லை, தலையாட்டினேன்.

அது மகள் சவெதாவைப் பெண் கேட்டு வரும் விருந்துக்கான ராக்கியா. எங்கள் ஊரில் முதல் கிண்ணம் இறங்கிய பிறகுதான் சம்பந்திப் பேச்சு. கிண்ணம் சரியில்லையென்றால் பேச்சும் சரியாக வராது.

காய்ச்சினார். ஜாடியில் கண்ணாடி மாதிரி இறங்கியது. குடித்துப் பார்த்தால் நெருப்புதான் இருந்தது, பிளம் இல்லை. தண்ணீர் ஊற்றிக் குறைத்தும் வாசனை வரவில்லை.

"பழம் எங்க போச்சு மாப்ள?"

அக்கா ஸ்தனோய்கா சொன்னாள்: "சட்டைய ஏழு தடவ தொவைச்சா அழுக்கு மட்டுமா போகும்? பூ வேலப்பாடும்தான் போகும்." அந்த ஜாடியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் துடைத்தாள்.

மிச்சமிருந்தது ஒரே பீப்பாய்ப் புளித்த பழம். அத்தான் ஒவ்வொரு தட்டாகக் கழற்றிக் கொஞ்சம் கொஞ்சம் காய்ச்சினார். கழற்றக் கழற்ற வாசனை ஏறியது, அவருக்குக் குழப்பமும் ஏறியது. கடைசியில் ஒரே தட்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா மிலிசாவ் வந்தார். கிண்ணத்தை மோந்தார், குடித்தார், முகம் மலர்ந்தது.

"அருமை சம்பந்தி. எப்படிச் செஞ்சீங்க?"

"ஏழு தட்டு வச்சிருந்தேன். ஆற எடுத்துட்டேன். ஒண்ணு போதும்."

மிலிசாவ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பொண்ணை அழைக்க நாங்க நாப்பது பேரு வர்றோம். ஒரு தட்டா?"

"ஏழு இருந்தா உங்களுக்கு வாசனகூட கிடைச்சிருக்காது சம்பந்தி" என்றார் அத்தான், வெள்ளந்தியாக.

மிலிசாவ் தொப்பியை எடுத்து எழுந்துவிட்டார். அத்தானோ என்னைப் பார்த்து, நான் என்ன சொன்னேன் என்று கண்ணாலேயே கேட்டார். எனக்கும் விளங்கினால்தானே சொல்வதற்கு.

விளங்கியது சவெதாவுக்குத்தான். கொட்டகைக்கு ஓடிப்போய் ஆறு செம்புத் தட்டுகளையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். "அப்பா எடுத்த தட்டு இதுதான் மாமா."

மிலிசாவ் ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இதுல சூப் ஊத்தினா என் கால்சட்டதான் குடிக்கும்" என்று சொல்லிச் சிரித்து உட்கார்ந்தார். அன்றே நாள் குறித்தார்கள்.

அவர்கள் போனபின் அத்தான் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "குளிர்காலம் பூரா இதத்தான் செஞ்சேன். எடுத்தப்புறம்தான் நல்லா வருது. அப்ப நான் என்னத்தச் செஞ்சேன்?" பாவமாக இருந்தது.

"புது வீட்டுக்கு எனக்கு அதக் குடுங்கப்பா" என்றாள் சவெதா.

"ஓட்டத் தட்டும்மா. எதுக்கு?"

"குடுங்களேன்."

ஆறையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். மகள் ஏன் கேட்டாள் என்று இன்றுவரை என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.