பதினோரு நிமிடம்

வின்னி டாக்டர் இல்லை. ஆனாலும் தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரான ஆண்டர்சன்பேட்டையில் அவளை 'ஐஸ் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு ஒன்பது வருடமாகப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பக்கத்து மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறினால், வீட்டில் அப்பா சாம்ராஜின் முகத்தைத் திரும்பப் பார்க்க இரவு எட்டு மணியாகிவிடும். சாயங்கால ரயிலில் பக்கத்துப் பெண்கள் அவரைக்காய் உரித்துக்கொண்டே அவளைச் சீண்டுவார்கள்.

"மனுஷக் கறிய ஐஸ்ல போட்டு வெக்கறதுக்கு ஒரு சம்பளமா வின்னி? எங்களுக்கும் ஒரு எடம் பாரேன்."

"மொதல்ல உங்க தொடையில ஒரு துண்டு குடுங்க, அப்புறம் எடம் பாக்கலாம்" என்பாள் வின்னி. பெட்டியே சிரிக்கும்.

அவள் வேலை உண்மையில் அதுதான். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தசையிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுப்பார்கள். ஒரு பகுதி வழக்கமான பரிசோதனைக்குப் போகும். புளியங்கொட்டை அளவு இன்னொரு பகுதியை வின்னி ஒரு மூடிபோட்ட தட்டில் வாங்கிக்கொண்டு, அதே மாடியின் கோடியில் இருக்கும் தன் அறைக்கு ஓடுவாள். அங்கே திரவ நைட்ரஜன் புகைந்துகொண்டிருக்கும். துண்டை உறைய வைத்து, எண் எழுதிய குழாயில் போட்டு, தொட்டிக்குள் இறக்கிவிடுவாள். வெட்டிய நேரம், உறைந்த நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுவாள். நடுவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

ஏன் இந்த அவசரம் என்று ஒருமுறை பக்கத்துத் தெரு ஷைலா கேட்டாள். வின்னி இப்படிச் சொன்னாள்:

"மைன் மூடிட்டாங்கன்னு கீழ இருக்கற ஷிப்டுக்கு யாரும் சொல்லலன்னு வெச்சுக்கோ. அவங்க பாட்டுக்கு வேலை செய்வாங்க இல்ல? வெட்டி எடுத்த சதையும் அப்டித்தான். உள்ள இருக்கற சத்தத் தின்னுகிட்டே இருக்கும், மூச்சு விட்டுகிட்டே இருக்கும். தின்னு தீர்த்துடுச்சுன்னா ஒடம்புக்குள்ள அது எப்டி இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. அதுக்குள்ள அப்டியே நிறுத்திடணும்."

ஷைலா இதைக் கேட்டதற்குக் காரணம் அவள் மகள் ஸ்வீட்டி. எட்டு வயது வரை தெருவில் ஓடியாடிய பெண். அதன் பிறகு மாடிப்படி ஏறுவது நின்றது. பென்சிலைக் கால்மணி நேரம் பிடித்தால் கை தொங்கிவிடும். எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தாயிற்று. செல்லுக்குள் சாப்பாடு சக்தியாக மாறுகிற இடத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். எந்தக் கோளாறு என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்றும் சொன்னார்கள். தாயையும் மகளையும் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளே வின்னிதான்.

அங்கே ஸ்வீட்டியின் தசையிலும் ஒரு துண்டு எடுத்தார்கள். வழக்கமான பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. உறைய வைத்த துண்டைச் செல்லுக்குள் நடப்பதை அளக்கிற ஒரு கருவியில் போட்டுப் பார்த்தால் தெரியலாம். ஆனால் அந்தக் கருவி அப்போது அங்கே வந்திருக்கவில்லை. வரும்வரை துண்டு தொட்டியில் இருக்க வேண்டியதுதான். மயக்கமருந்து கொடுத்தபோது ஸ்வீட்டிக்கு மூச்சு திணறிவிட்டதால் இனி அவளுக்கு மயக்கமருந்தே கூடாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இருப்பது அந்த ஒரே துண்டு.

அந்தத் துண்டில்தான் வின்னி தவறினாள்.

அன்று பத்து நாற்பத்திரண்டுக்கு வெட்டினார்கள். வின்னி தட்டோடு வெளியே வந்தாள். வராந்தாவில் ஷைலா எழுந்து வழியை மறித்தாள்.

"அதானாக்கா?"

"அதுதான் ஷைலா. வுடு, போவணும்."

"ஒரே ஒரு வாட்டி காட்டுங்கக்கா. எம்பொண்ணு ஒடம்புல இருந்து எடுத்தது. நான் பாக்கக் கூடாதா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் வின்னி நின்றிருக்கமாட்டாள். பெங்களூர்க்காரர்கள் கேட்கவும் மாட்டார்கள். இவள் தினமும் குழாயடியில் பார்க்கிற முகம். வின்னி மூடியைத் திறந்து காட்டினாள். ஷைலா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சுவரோடு சரிந்தாள்.

வின்னி தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு அவளைத் தாங்கினாள். நர்ஸைக் கூப்பிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். ஷைலா கண் திறந்த பிறகும் வின்னியின் கையை விடவில்லை. விரல்களைப் பிரித்துக்கொண்டு ஓடி, துண்டை உறைய வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தபோது பத்து ஐம்பத்துமூன்று.

அறையில் யாரும் இல்லை. பத்து நாற்பத்துநான்கு என்று எழுதியிருக்கலாம். நேரம் பொய்யானால் துண்டு சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறவளே அவள்தான். பத்து ஐம்பத்துமூன்று என்று எழுதினாள்.

ஷைலாவிடம் இதைச் சொல்லவில்லை. கருவி வந்ததும் ஒருவேளை இந்தத் துண்டையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வின்னி சர்ச் முடிந்து வரும்போது ஷைலா தன் வீட்டு வாசலிலிருந்தே கேட்பாள், "மெஷினு வந்துச்சாக்கா?" இரண்டு வருடமும் "இன்னும் இல்ல" என்று சொல்ல முடிந்தது வின்னிக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. புதன்கிழமைதோறும் தொட்டியில் நைட்ரஜன் நிரப்புவாள். ஸ்வீட்டியின் குழாய், எழுபத்தொன்று என்ற எண், எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

இந்தத் தை மாதம் கருவி வந்தது. பிரிவின் தலைவர் நாகேஷ் சார் படிவங்களை எல்லாம் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றில் நின்றார்.

"பதினோரு நிமிஷம். இது யார் செஞ்சது?" கன்னடத்தில் கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. படிவத்தைத் தனியாக வைத்தார்.

"சார், போட்டுப் பாக்கக் கூடாதா? இந்தப் பொண்ணுக்கு வேற துண்டு இல்ல."

"போட்டா நம்பர் வரும் வின்னி. அதுல எது வியாதியால வந்தது, எது தட்டுல காத்திருந்ததால வந்ததுன்னு உன்னால சொல்ல முடியுமா? என்னால முடியாது."

"நான் ரெண்டு நிமிஷம்னு எழுதியிருந்தா?"

நாகேஷ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அந்தக் குழந்தையோட வியாதிக்கு ஒரு பேர் கெடச்சிருக்கும். தப்பான பேர். தப்பான மருந்தும் குடுத்திருப்பாங்க."

கருவிக்கு ஒத்துவராத துண்டுகளைப் பங்குனிக்குள் எடுத்து எறிந்துவிட்டு இடம் காலி செய்யவேண்டும் என்றார். பட்டியலைத் தயாரிக்கும் வேலை வின்னிக்கே வந்தது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். பத்தொன்பதாவது வரியில் எழுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே ஷைலா வீட்டுக்குப் போனாள். ஸ்வீட்டி தலையணை மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. கை மட்டும் ஆறு வயதுக் குழந்தையின் கை.

"வின்னி ஆன்ட்டி, என் கறி இன்னும் உங்க ஃப்ரிட்ஜ்லயா கீது? எங்கம்மா மூணு நாள் ஆனாலே எடுத்துக் கொட்டிடுவாங்க."

"வாய மூடு" என்று ஷைலா அதட்டிவிட்டு, வின்னியின் முகத்தைப் பார்த்ததும் அவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"மெஷினு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஸ்வீட்டியோடத எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க." வின்னி நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். தட்டு, நாற்காலி, பதினோரு நிமிடம் எல்லாம். "ஓடுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. நான் நின்னேன். தப்பு என்மேலதான்."

ஷைலா ஸ்டவ்வை அணைத்தாள்.

"நான் கேக்காம இருந்திருந்தா?"

"கேட்டா காட்டணும்னு இல்ல ஷைலா."

"நான் கேட்டேன் இல்ல." அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிவைத்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி வெட்டி எடுக்கட்டும். மயக்கம் குடுக்காம. நான் புடிச்சிக்கறேன் அவள."

"ஒத்துக்க மாட்டாங்க."

"என்னுதுல எடுக்கட்டும் அப்போ. நான்தான பெத்தேன்."

வின்னி அதையும் நாகேஷ் சாரிடம் கேட்டிருந்தாள். அம்மாவின் தசையை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், மகளின் தசையில் என்ன நடந்தது என்று அது சொல்லாது என்றிருந்தார். அதைச் சொன்னாள். ஷைலா தலையை மட்டும் ஆட்டினாள். கத்தியிருந்தால் வின்னிக்குத் தேவலாம்போல இருந்தது.

"அந்தத் துண்டு கெட்டுப் போயிடுச்சா?"

"கெடல. அன்னிக்கு வெச்சப்போ எப்டி இருந்துச்சோ அப்டியே கீது."

"அப்போ இருக்கட்டும்க்கா. இந்த மெஷினு இல்லன்னா வேற ஒண்ணு வரும். பதினோரு நிமிஷம் போனதுலயும் கண்டுபிடிக்கற மாதிரி ஒண்ணு. நீங்கதான அங்க இருக்கீங்க? தூக்கிப் போட வுடாதீங்க."

பட்டியல் நாகேஷ் சாரின் கையெழுத்துக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கலாம். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு இடம் இல்லை என்பார்.

"வுடமாட்டீங்க இல்ல?" ஷைலா மறுபடி கேட்டாள்.

"மாட்டேன்" என்றாள் வின்னி.