டீ இடைவேளையில் ஒரு பர்மிட்

என் அப்பா லாரி ஓட்டுவதற்கு நான் தினமும் காலை பத்து பத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. லாரி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அப்பா அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில், தரம் பார்க்கும் மேசையில் நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ராயக்கோட்டைத் தக்காளியும் கிருஷ்ணகிரி மாங்காயும் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போனவர். பக்கவாதம் வந்து இடது கால் மந்தமானதும் கிளட்ச் மிதிக்க முடியாமல் போயிற்று. லைசன்ஸை பீரோவில் வைத்துவிட்டு, டிவியும் பார்க்காமல் பேச்சும் இல்லாமல் கிடந்தார். அம்மா தட்டில் வைத்த சோறு பாதி அப்படியே திரும்பும். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று பிசியோதெரபி செய்ய வந்த பெண் சொன்னதால்தான் அந்த லாரி கேமை வாங்கினேன். மேசையில் பொருத்தும் ஸ்டீயரிங்கும், காலுக்குப் பெடலும் தனியாக வாங்கினேன்.

முதல் நாள் அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது ஆட்டோ கியர், கிளட்சே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் மெல்ல எழுந்தது. ஏதோ ஒரு வெள்ளைக்கார தேசத்து மலைப்பாதையில் சரக்கை இறக்கிவிட்டு, "இந்த ஊர்ல ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டேங்கறான் பாப்பா" என்றார். அன்று மதியம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வேறென்ன வேண்டும்.

மறுநாள் ஆரம்பித்தது வம்பு. கேமைத் திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கணக்கு என் பெயரில் இருந்ததால், என் போனில் உள்ள ஆப்பில் "நீங்கள்தானா?" என்று ஒரு கேள்வி வரும். ஐந்து நிமிடத்துக்குள் "ஆமாம், நான்தான்" என்பதை அழுத்த வேண்டும். அதுவும் தினமும். எங்கள் கம்பெனியிலோ போனைக் கேட்டிலேயே வாங்கி, எண் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வேலைக்குக் கிளம்பும்போதே திறந்து வைத்துவிட்டுப் போனால், அரை மணி நேரம் யாரும் தொடாததைப் பார்த்து அதுவே மூடிக்கொள்ளும். நான் வீடு திரும்பிய பிறகு ஓட்டலாம் என்றால், மாத்திரை மயக்கத்தில் அப்பாவுக்குக் கண் சொருகிவிடும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் அவருக்குத் தெளிவான நேரம்.

கணக்கை அப்பா பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி கேம் கம்பெனிக்கு எழுதினேன். உரிமம் கைமாற்றத் தக்கதல்ல என்று பதில் வந்தது. தினமும் கேட்காதீர்கள் என்று எழுதினேன். இது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று பதில் வந்தது. லாரி கேமில் யாரிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு என்று எழுதியதற்கு, மகிழ்ச்சியாக விளையாடுங்கள் என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பொம்மையின் பல்லை உடைத்திருப்பேன்.

அப்பாவுக்கு இது புரியவில்லை.

"காசு குடுத்துதான வாங்குன? ஆர்.சி. புக்கு யார் பேர்ல இருக்குது?"

"ஆர்.சி. எல்லாம் கிடையாதுப்பா. ஓட்டிக்கலாம்னு பர்மிட் மட்டும்தான் குடுத்திருக்காங்க."

"ஓ, பர்மிட்டா" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப செக்போஸ்ட்ல நிறுத்தத்தான் செய்வாங்க."

அன்றிலிருந்து அந்தச் சுற்றும் வட்டத்துக்கு அவர் வைத்த பெயர் செக்போஸ்ட். கர்நாடக எல்லையில் வண்டியோடு வரிசையில் நின்று பழகியவருக்கு அதில் கோபமே வரவில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான்.

ஒரு வழி கண்டுபிடித்தோம். சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்து ஆனதும் அப்பா கேமைத் திறப்பார். எனக்கு அப்போது பத்து நிமிட டீ இடைவேளை. டீயை விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடுவேன். கேட்டில் இருந்த காவலாளி கன்னடக்காரர். டோக்கனைப் பார்க்காமலே பெட்டியைத் திறந்து, "பேக பேக, சீக்கிரம், அப்பா வண்டி நிக்கிதம்மா" என்று போனை நீட்டுவார். அழுத்திவிட்டுத் திரும்ப ஓடிவருவேன். இரண்டு மாதம் நான் காலை டீயே குடிக்கவில்லை.

பக்கத்து மிஷினில் ஒரு மதுரைக்காரர் இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "காசு குடுத்தா வாங்குனீக? எங்கிட்டக் கேட்டிருந்தா பென்டிரைவ்ல போட்டுக் குடுத்திருப்பேன்ல. யாரையும் கேக்காது, அது பாட்டுக்கு ஓடும்" என்று சிரிப்பார். திருட்டுக் காப்பி எனக்கு வேண்டாம் என்று அப்போது முறுக்கிக்கொண்டேன்.

ஒருநாள், எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து ஒரு லாட் சரக்கையே வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். எல்லாப் பெட்டியையும் பிரித்து ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க வேண்டும். டீ இடைவேளை இல்லை, மதியச் சாப்பாடும் ஆள் மாற்றி ஆள் பத்து நிமிடம். கேட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார் மேலாளர். பன்னிரண்டு மணி வரை அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் சலித்துப்போய் எழுந்திருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குப் போனை வாங்கிப் பார்த்தால் "நீங்கள்தானா? நீங்கள்தானா?" என்று கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பத்து பத்திலிருந்து. எல்லாவற்றுக்கும் மேலே கேம் கம்பெனியின் கடிதம். உங்கள் கணக்கை யாரோ திருட முயல்வதாகத் தெரிகிறது, பாதுகாப்புக் கருதி இரண்டு நாட்களுக்குப் பூட்டியிருக்கிறோம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஸ்டீயரிங் முன்னால் அப்படியே இருந்தார். கண் சிவந்து, தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது.

"காலையில இருந்து நகரல. சோத்தக்கூட நாந்தான் ஊட்டி வுட்டேன்" என்றார் அம்மா.

"வரிசைய வுட்டு எறங்குனா பின்னால இருக்கறவன் பூந்துருவான் பாப்பா. அதான் உக்காந்துட்டேன்" என்றார் அப்பா.

நான் கத்திவிட்டேன். "அங்க வரிசையே இல்லப்பா. உங்களுக்கு முன்னாடியும் யாரும் இல்ல, பின்னாடியும் யாரும் இல்ல."

அவர் திரையைப் பார்த்தார். "யாருமே இல்லாத எடத்துலயா என்ன நிறுத்தி வெச்சாங்க?" என்று கேட்டார். சமையலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் வெட்கத்தை விட்டு மதுரைக்காரரிடம் கேட்டு, அன்று சாயங்காலமே பென்டிரைவோடு வந்தேன். அப்பா மாத்திரையைத் தள்ளிப்போட்டு எனக்காக விழித்திருந்தார். கேம் சட்டென்று திறந்தது. வட்டம் இல்லை, கேள்வி இல்லை, சாலை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. அப்பா கையை ஸ்டீயரிங்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செக்போஸ்ட்டு வரலியே?"

"இதுல வராதுப்பா."

"பர்மிட்டு?"

"இதுக்கு ஒண்ணும் கிடையாது. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். "முப்பது வருசத்துல பேப்பர் இல்லாத வண்டியில நான் கை வெச்சதில்ல பாப்பா. நிறுத்திரு. அவங்க நாளைக்குத் தெறப்பாங்கல்ல, இருக்கேன்."

திருட்டுக்குப் பயந்து கணக்கைப் பூட்டியவர்கள் அந்த நேரம் என் கூடத்தில் நின்றிருக்க வேண்டும். இவரைப் பார்த்தா பயந்தீர்கள் என்று கேட்டிருப்பேன்.

பூட்டுத் திறந்த அன்று பத்து பத்துக்குக் கேட்டை நோக்கி ஓடினேன். காவலாளி போனை நீட்டினார். நீங்கள்தானா என்று கேட்டது. நான் இல்லை, என் அப்பா என்று சொல்ல அதில் இடமே இல்லை. பேப்பர் இல்லாமல் வண்டியைத் தொடாத மனிதருக்காக, அன்றைக்கும் "ஆமாம், நான்தான்" என்று பொய்யை அழுத்தினேன்.