சந்தையில் போட்டுக்கொண்ட ஊசி

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்த மாசியில் நர்ஸ் வந்து பிள்ளைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டார். இரண்டு நாள் பலருக்குக் காய்ச்சல். சொல்லிவைத்தாற்போல் பெற்றோர் வந்து பெண்பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போனார்கள். கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காய்ச்சலைக் கண்டு பயந்துவிட்டார்கள் என்று நினைத்த தலைமையாசிரியை, "ஊசியால் தீங்கில்லை" என்று நோட்டீஸ் எழுதி ஒட்டச் சொன்னார். சந்தைக்குப் போய்ப் புளியமரத்தில் ஒட்டினேன். படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே எத்தனை பேர்? என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பேசினார்.

"அந்த ஊசி போட்டா கொழந்த பொறக்காதாமே, டீச்சரம்மா? மலைக்குக் கீழ ஆம்பளைங்கள புடிச்சிம்போயி ஆப்ரேசன் பண்ணாங்களே, அதேதானே?"

"இல்லைங்க, இது காய்ச்சல் வராம இருக்கறதுக்கு."

"உனுக்குப் போட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்போ எங்க புள்ளைங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

வெட்கமாக இருந்தது. போடுவதற்கு முன் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சந்தைக்கு நர்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"வைகாசில எனக்குக் கல்யாணம். கொழந்தை பொறக்காத ஊசியை நானே போட்டுக்குவேனா?"

கூட்டம் கூடிவிட்டது. ஊசி ஏறும்போது அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க வூட்டுக்கு வா. இன்னா ஆவுதுன்னு பாக்கறேன்" என்றார்.

சாயங்காலமே காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அவர் வீட்டில் படுத்திருந்தேன். சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஊரார் ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்த்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து முகம் கழுவியபோது அவர் மகள் பையோடு தயாராக நின்றாள். பள்ளிவரை மூவரும் நடந்தோம்.

அந்த வாரத்தில் பெரும்பாலான பெண்கள் திரும்பினார்கள். நான்கு பேர் வரவேயில்லை. அவர்களில் இருவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அதன்பின் எந்த ஊசியானாலும் தலைமையாசிரியையும் நானும் முதலில் சந்தைக்குப் போய்ப் பெற்றோரிடம் கேட்டோம். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளுக்குப் போடவில்லை.