நீலம் பட்ட புத்தகங்கள்

கிளை நூலகத்தில் கையிலெடுத்த பழைய நாவலின் ஓரத்தில் நீல விரல் ரேகை! அப்பாவேதான்!

அறுபதுகளில் அப்பாவுக்குத் திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் விரல் நீலம் போகாது. அப்போதிருந்த நூலகர் வாசலிலேயே கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். மகா கறார். அவருக்கு அடுத்து வந்தவர், "கறை பட்டாப் படட்டுமுங்க, உள்ள வாங்க" என்றார். அப்பா அலமாரி அலமாரியாகப் படித்துத் தள்ளினார். பிடிக்காத புத்தகத்தில் நீலம் பாதியிலேயே நின்றுவிடும். மூன்றாவதாக வந்த நூலகர், நல்ல கதை கேட்டு வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்: "கடைசிப் பக்கத்தைப் பாருங்க. நீலம் இருந்தா நம்பி எடுத்துக்கிட்டுப் போங்க!"

படபடவென்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நீலம்! நின்றபடியே முதல் வரியைப் படிக்கத் தொடங்கினேன்.