கல்லு நெத்தியில இருந்த பேரு

கலைவாணி, என் தங்கச்சி, நீ போயி ஒரு வருசமாச்சு. வருசத்துக்கு போடுற நெனவு புத்தகத்துல ஒன்னய பத்தி என்னய எழுத சொல்லிச்சு அம்மா. நான் எட்டாம் ஆண்டோட நின்னவன். பேசுற மாதிரியே எழுதுறேன்.

சொந்தக்காரங்களே, கூட்டாளிமாரே, தங்கச்சி பொறந்தது நமுனுகுல பக்கம் தேயில தோட்டத்துல, எங்க லயத்து வரிசையில கடைசி ஒத்த அறை காம்பராவுல. பொறக்கும்போதே நெஞ்சுல கோளாறு. மேடு ஏறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. எங்க தோட்டத்துல மேடு ஏறாம கடைக்கு கூட போக முடியாது. அவ சிரிச்சுக்கிட்டே மெதுவா ஏறுவா. ஸ்கூல் முடிச்சு பதுளை டவுன்ல ஒரு போட்டோ கடையில வேலைக்கு சேந்தா. கடை மொதலாளி ஒரு முஸ்லிம் அண்ணன், நானான்னு தான் கூப்புடுவோம், அவரு தான் அவளுக்கு கெமரா பழக்குனது.

பன்னெண்டாம் நம்பர் மலையில பெரிய கல்லு ஒன்னு இருந்துச்சு. மேல கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். மழை வந்தா கொழுந்து எடுக்குறவங்க எல்லாம் அதுக்கு கீழ தான் ஒதுங்குவாங்க. அந்த கல்லு நெத்தியில ஏதோ கீறல் இருக்கும். நாங்க யாரும் அத எழுத்துன்னு நெனச்சதில்ல. தங்கச்சி தான் போன்ல படம் புடிச்சு, கல்வெட்டு படிக்கிற ஒரு சிங்கள ஐயாவுக்கு, நாங்க மாத்தயான்னு சொல்றவருக்கு, அனுப்புனா.

"நங்கி, இது ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்"னாரு அவரு. நங்கின்னா சிங்களத்துல தங்கச்சி. கல்லுக்கு பின்னால வெடிப்பு இருக்கு, மண்ணு சரிஞ்சா எல்லாம் போயிரும், அதுக்கு முன்னால சுத்தி சுத்தி நெறைய படம் எடுங்க, கம்பியூட்டர்ல சேத்தா முழு கல்லும் அப்படியே வரும்னு சொன்னாரு.

ராக்கம்மா சித்தி கேட்டுச்சு: "ஏன்டி, அதுல கங்காணி பேரு இருக்கான்னு பாரு. இருந்தா நானே சொரண்டி எடுத்துர்றேன்."

அப்ப தான் நான் அந்த தப்ப செஞ்சேன். மலை நம்பர் கல்லுக்கு சுண்ணாம்பு அடிக்கிறது என் வேலை. நம்பர் மங்குனா வெள்ளையா எடுத்து காட்டணும். தங்கச்சி ஞாயித்துக்கெழம படம் எடுக்க வருவான்னு, சனிக்கெழமயே ஏணி வச்சு ஏறி, அந்த கீறல் பூரா சுண்ணாம்பு தீட்டிட்டேன்.

"அண்ணே, யாரு இத செஞ்சது?"

"நான் தான். பளிச்சுன்னு தெரியுதா?"

கல்லு கிட்ட போயி தலைய சாச்சு பாத்தா. "தெரியுதுண்ணே. இல்லாத எழுத்தும் சேந்து தெரியுது."

அவ ஏசல. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். தேய்க்காதீங்க, எழுத்து ஓரம் போயிரும், மழை தான் கழுவணும்னாரு மாத்தயா. சுண்ணாம்பு போக மழை வேணும். கல்லு நிக்க மழை கூடாது. கோயில்ல நின்னு எத கேக்குறதுன்னு தெரியாம கும்புட்டேன். அதுக்குள்ள அவளுக்கு கால் வீங்க ஆரம்பிச்சிருச்சு.

நாலு நாள் விடாம பேஞ்சுச்சு. அஞ்சாம் நாள் வெயில். பாத்த வரைக்கும் சுண்ணாம்பு போயிருச்சு, கல்லும் நின்னுச்சு. தங்கச்சிய முதுகுல தூக்கிக்கிட்டு போனேன். அவ சொன்னதும், கொழுந்து எடுக்குற பொம்பளைங்க இடுப்புல கட்டுற படங்கு துணிய அவுத்து, கம்புல மாட்டி ஒசத்தி, கல்லுக்கு நெழல் குடுத்தாங்க. வெயில் மறைஞ்சா தான் கீறலோட பள்ளம் எடுத்து காட்டும்னு, என்னய பக்கத்துல இருந்து சாச்சு டோர்ச் அடிக்க சொன்னா.

அடிச்சேன். கல்லு எழுந்திரிச்ச மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு எழுத்தா மேல வந்துச்சு. பொறந்ததுல இருந்து பாத்த கல்லு தான். கெமரா சத்தம் மட்டும் தான் கேட்டுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு மாத்தயா படிச்சு சொன்னாரு. சுமனான்னு ஒரு பொம்பள இந்த எடத்த சாமியாருங்க ஒதுங்கி இருக்க குடுத்தாங்களாம். அவ்வளவு தான் எழுதியிருக்கு. தங்கச்சி அத கல்லுக்கு கீழ வச்சே எல்லாருக்கும் சொன்னா. வெளிய மழை.

ராக்கம்மா சித்தி மேல பாத்துச்சு. "அப்ப இத்தன காலமா அந்தம்மா குடுத்த எடத்துலயா நனையாம நின்னோம்?"

"ஆமா சித்தி. எத்தன வருசமா யாரும் கூப்புடாத பேரு. எல்லாரும் ஒருக்கா சொல்லுங்க."

எல்லாரும் சொன்னோம்.

கடைசியா ஆஸ்பத்திரியில இருக்கும்போது கம்பியூட்டர்ல படமெல்லாம் சேத்து செஞ்ச அந்த கல்ல நானா போன்ல கொண்டாந்து காட்டுனாரு. வெரலால தள்ளுனா சுத்துது. தங்கச்சி ஒரு எழுத்த பெருசாக்குனா. குழியில பொட்டு மாதிரி சுண்ணாம்பு.

"அழிக்க சொல்லவா பாப்பா?"

"வேணாண்ணே. நீயும் இருந்துட்டு போ. இனி கல்லு உருண்டாலும் பரவால்ல."

ரெண்டு நாள்ல அவ போயிட்டா. அடுத்த மழையில கல்லும் போயிருச்சு. ஞாயித்துக்கெழம, மலையில ஆள் இல்ல, யாருக்கும் ஒன்னும் ஆகல.

அவள தூக்குன தோட்டத்து ஆளுங்களுக்கும், படங்கு புடிச்ச கைகளுக்கும், நானாவுக்கும், மாத்தயாவுக்கும், இந்த புத்தகத்த வாங்குன எல்லாருக்கும் நாங்க கடமப்பட்டிருக்கோம். ஒன்னே ஒன்னு கேக்குறேன். அவ போட்டோவுக்கு ஏத்துன வெளக்கு முன்னால நின்னு கும்புடும்போது மனசுக்குள்ள மட்டும் கும்புடாதீங்க. கலைவாணின்னு அவ பேர ஒருக்கா வாய்விட்டு சொல்லி கும்புடுங்க.